சோயா பவுடர் பால் குடித்து இரண்டு மணி நேரத்தில் வாந்தி, ரத்த டெஸ்ட்டில் "சோயா நெகட்டிவ்": இது அலர்ஜியா, இல்லையா?

மஞ்சள்நகர்_அம்மா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெண்ணுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் போதவில்லை என்று முன்பே பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தோம். மாட்டுப்பால் பவுடர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மலத்தில் சளியும் மெல்லிய ரத்தக் கோடுகளும் வந்தன. டாக்டர் சோயா பவுடருக்கு மாற்றினார். முதல் சில நாள் லேசாக எதுக்களித்தாளே தவிர வேறு பிரச்சினை இல்லை. அப்புறம் திருவிழாவுக்கு என்று அம்மா வீட்டுக்குப் போனோம், அங்கே இருந்தவரை வெறும் தாய்ப்பாலும் கஞ்சியும்தான். திரும்பி வந்து மறுபடி சோயா கொடுத்த அன்று, குடித்து முடித்துச் சிரித்து விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு மணி நேரம் போயிருக்கும், ஆரம்பித்தது பாருங்கள் வாந்தி. குடித்தது எல்லாம் வந்து, அப்புறம் வெறும் தண்ணீராக வந்து, அதற்கும் மேல் வெறும் குமட்டல். முகம் வெள்ளைத்தாளாக வெளுத்துவிட்டது, கை கால் துவண்டு தோளில் அப்படியே சரிந்து கிடந்தாள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கின்றன, இன்ஃபெக்ஷன் என்று ஆன்டிபயாடிக்கும் போட்டார்கள். மறுநாளே எதுவும் நடக்காதவள் மாதிரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சில வாரம் கழித்து சோயா கொடுத்தோம், அச்சு அசலாக அதே கதை. அப்போதுதான் எனக்குச் சோயா மேல் சந்தேகம் வந்தது. சோயாவுக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும், தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டும் எடுத்தோம். இரண்டும் நெகட்டிவ். "சோயா அலர்ஜி இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம்" என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டார். நாத்தனார் பவுடர் கெட்டுப்போயிருக்கும் என்கிறார். என் அண்ணன் தன் பங்குக்கு ஏதோ இருநூறு சாப்பாட்டுப் பொருளுக்கும் ஒரே ரத்தத்தில் டெஸ்ட் எடுத்து வைத்திருக்கிறார், அதில் அவருக்கே சோயா சிவப்புக் கட்டத்தில் இருக்கிறதாம், குழந்தைக்கும் அதை எடு என்று தினமும் போன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். டெஸ்ட்டில் இல்லை என்றால் உடம்பில் நடப்பது என்ன? நான் இன்னும் பால் கொடுக்கிறேன், நான் மீல்மேக்கர் சாப்பிடலாமா? அண்ணன் சொல்லும் டெஸ்ட் எடுக்கலாமா? இவள் வாழ்நாள் முழுக்கச் சோயா தொடவே முடியாதா?

நுண்ணோக்கி:

சகோதரி, நான் நோயெதிர்ப்பியல் ஆராய்ச்சியில் இருப்பவன், குழந்தை வைத்தியம் பார்ப்பவன் இல்லை. அதனால் மருந்து எதுவும் சொல்ல மாட்டேன், உடம்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது எஃப்பைஸ் (FPIES). உணவுப் புரதம் குடலில் கிளப்பிவிடும் ஒருவகை அழற்சி அது. உறுதி செய்ய வேண்டியவர் குழந்தைகளுக்கான அலர்ஜி டாக்டரோ குடல் டாக்டரோதான். அதுவரை சோயா வேண்டாம். இதில் உங்கள் கை சொன்னதைக் கேட்டது சரி.

உங்கள் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. ரத்த டெஸ்ட், தோல் டெஸ்ட் இரண்டுமே தேடுவது ஐஜிஇ என்ற ஒரே வகை ஆன்டிபாடியை, அதாவது ஒரு பொருளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தை. சோயாவை உடம்பு எதிர்க்க அது ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது?

எதிர்ப்பதற்கு முன்னால், ஏற்றுக்கொள்வது எப்படி என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலோருக்கு நடப்பது அதுதான். சோயா பயறில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். அதில் பெரும்பகுதி கிளைசினின், பீட்டா-காங்லைசினின் என்ற இரண்டு. விதை தன் முளைக்காகச் சேர்த்துவைக்கும் இருப்பு இவை. கெட்டியாக மடிந்து கொத்துக் கொத்தாக இருப்பதால் வயிற்று அமிலத்துக்கும் பெப்சின் என்ற செரிமான நொதிக்கும் முழுசாக மசியாமல் சில துணுக்குகள் தப்பிவிடும். அவை சிறுகுடல் சுவரைத் தாண்டி உள்ளே போகும். உங்களுக்கும் எனக்கும், சோயா சாப்பிடும் எல்லாருக்கும் இது நடக்கிறது. குடல் சுவருக்கு அடியில் காத்திருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்கள் அந்தத் துணுக்குகளைப் பிடித்து, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கு எடுத்துப்போய், எதிர்ப்பை நடத்தும் டி செல்களிடம் காட்டும். குடல் பக்கத்து டென்ட்ரிடிக் செல்களிடம் ஒரு விசேஷம் உண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் தயாரிக்கும். அதோடு டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதமும் சேரும்போது, சோயாவைப் பார்த்த டி செல்கள் சண்டைக்குப் போகாமல், சண்டையை அடக்கும் டி செல்களாக மாறிவிடும். அதற்கப்புறம் சோயா வரும்போதெல்லாம் இவை மற்றவற்றை அமைதிப்படுத்தும். வாய்வழிச் சகிப்பு என்று இதற்குப் பெயர். புது விஷயம் இல்லை. மக்காச்சோளம் தின்று பழகிய கினிப்பன்றிகளுக்கு அதன் புரதத்தை ஊசியில் ஏற்றி அலர்ஜி வரவைக்க முடியவில்லை என்று வெல்ஸ் என்பவர் 1911-லேயே எழுதியிருக்கிறார்.

இந்தச் சகிப்பு உருவாகாமல் போவதற்கு, அல்லது உருவாகி உடைவதற்கு, ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு.

எல்லாருக்கும் தெரிந்தது ஐஜிஇ வழி. டி செல்கள் வேறு திசையில் போய், பி செல்களைச் சோயாவுக்கு எதிரான ஐஜிஇ தயாரிக்கச் சொல்லும். அந்த ஐஜிஇ தோல், குடல், மூச்சுக்குழாயில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை சோயா வந்ததும் பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டை அது ஒன்றாக இழுத்தால் போதும், மாஸ்ட் செல் தன்னிடம் இருக்கும் ஹிஸ்டமின் என்ற அரிப்பும் வீக்கமும் தரும் பொருளைக் கொட்டிவிடும். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இழுப்பு, மோசமானால் ரத்த அழுத்தம் விழுவது. எல்லாம் சில நிமிடத்திலிருந்து அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள்.

உங்கள் குழந்தையிடம் தடிப்பு இல்லை, இழுப்பு இல்லை, கடிகாரமும் தாமதமாக ஓடுகிறது. எஃப்பைஸில் வாந்தி ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் வரும், வெளுப்பு, துவட்சி, சிலருக்குப் பின்னால் பேதி. ஜெரால்டின் பவல் என்ற அமெரிக்க மருத்துவர் 1970-களில் இதை முறையாக விவரித்தபோதே பால், சோயா இரண்டையும்தான் காரணமாகக் காட்டினார். இதில் ஐஜிஇ-க்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. டி செல்களும், பிறவியிலேயே வரும் முதல்நிலை எதிர்ப்புச் செல்களும் கிளர்ந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களை விடுகின்றன, குடல் சுவர் கசிகிறது, ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வகை வெள்ளை அணுக்கள் சில மணி நேரத்துக்குள் ஏறுகின்றன. வெள்ளை அணு ஏறியதைப் பார்த்து இன்ஃபெக்ஷன் என்று நினைத்தார்கள் அல்லவா, இந்த நோயில் அது வழக்கமாக நடக்கிற குழப்பம்தான், அவசர வார்டில் அப்போது அப்படி நினைத்ததைக் குறை சொல்ல முடியாது. தினமும் கொடுக்கும்போது லேசாக இருந்து, சில நாள் நிறுத்தி மறுபடி கொடுக்கும்போது இப்படிக் கடுமையாகத் தாக்குவதும் இதன் குணம். முழு இயக்கமும் இன்னும் பிடிபடவில்லை, இதைக் கண்டுபிடிக்க ஒரு ரத்த டெஸ்ட்டும் கிடையாது. நீங்கள் சொன்னது போன்ற கதைதான் டெஸ்ட்.

மலத்தில் ரத்தக் கோடு வந்தது இதே குடும்பத்தின் சாதுவான உறுப்பினராக இருக்கலாம், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மட்டும் வரும் அழற்சி. அதற்கும் ஐஜிஇ நெகட்டிவாகத்தான் வரும்.

மூணாவது_பெஞ்ச்:

இவ்வளவு விளக்கம் எதற்கு. நம் தாத்தா பாட்டி காலத்தில் சோயா என்று ஒன்று சமையலறையிலேயே கிடையாது. இப்போது வருவதெல்லாம் மரபணு மாற்றிய சோயா. உடம்புக்கு அது அந்நியம், அதனால் எதிர்க்கிறது. அவ்வளவுதான். பேசாமல் ஆட்டுப்பால் கொடுங்கள் அக்கா, இல்லாவிட்டால் தெருவில் வருமே கழுதைப்பால், ஒரு சங்கு ஊற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பழைய_லேப்காரர்:

ஆட்டுப்பால் யோசனையை முதலில் மறந்துவிடுங்கள் அம்மா. மாட்டுப்பால் புரதமும் ஆட்டுப்பால் புரதமும் அண்ணன் தம்பி, ஒன்று ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. தெருவில் கறந்து பச்சையாக ஊற்றும் எந்தப் பாலும் எட்டு மாதக் குழந்தைக்கு வேண்டாம், அலர்ஜியை விட்டுத்தள்ளுங்கள், கிருமி போதும்.

நான் வந்தது அண்ணனுடைய இருநூறு ஐட்டம் டெஸ்ட்டைப் பற்றிச் சொல்ல. இந்த மாதிரிப் பேனல்களை நானே வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன், எந்த லேப் என்று கேட்காதீர்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாக உணவுப் புரதங்களை ஒட்டிய தட்டு வரும். அதன் மேல் ஆளுடைய சீரத்தை, அதாவது ரத்த அணுக்களை நீக்கிய தெளிந்த நீரை, ஊற்றி ஊறவைத்து, கழுவி, நிறம் வரவைக்கும் ரசாயனத்தை ஊற்றினால் எந்தப் புள்ளியில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதோ அது நிறம் மாறும். மெஷின் அந்த நிறத்தின் அழுத்தத்தை எண்ணாக மாற்றி, சாஃப்ட்வேர் அதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசிவிடும். இதில் எந்த மோசடியும் இல்லை, டெஸ்ட் நிஜமாகவே ஆன்டிபாடியைத்தான் அளக்கிறது. ஆனால் அது அளப்பது ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியை, பல கம்பெனிகள் அதில் ஐஜிஜி4 என்ற உட்பிரிவை. அது நாம் சாப்பிடும் பொருளுக்கெல்லாம் சாதாரணமாகவே உருவாகும். கல்யாண வீட்டு மொய் நோட்டில் பேர் இருப்பவன் எல்லாம் கலாட்டா செய்ய வந்தவனா? வந்துபோனான் என்பதற்குத்தான் அந்த நோட்டு.

எனக்கு இதில் சந்தேகம் வந்ததே ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பார்த்துத்தான். தினம் தயிர் சாப்பிடுபவருக்குப் பால் சிவப்பு, சப்பாத்தி வீட்டுக்காரருக்குக் கோதுமை சிவப்பு, முட்டை பிரியருக்கு முட்டை சிவப்பு. உங்கள் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், ஜிம்முக்குப் போகிறவராக இருந்தால் சோயா உருண்டையோ புரோட்டீன் பவுடரோ நிறையச் சாப்பிட்டிருப்பார். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே, ஐஜிஜி4 இருப்பது உடம்பு அந்த உணவைப் பார்த்திருக்கிறது, சகித்துக்கொள்கிறது என்பதன் அடையாளம், உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதை எடுக்காதீர்கள் என்று அறிக்கை விட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள அலர்ஜி அமைப்புகளும் அதையேதான் சொல்கின்றன. ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு, ஒன்றும் இல்லாதவரைப் பாலும் கோதுமையும் சோயாவும் விடவைத்து அனுப்புவதைப் பார்த்துத்தான் அந்த வேலையே எனக்கு வெறுத்துப்போனது. குழந்தைக்கு அதை எடுக்கவே எடுக்காதீர்கள், நாளைக்கு அரிசி சிவப்பு என்று வந்தால் என்ன கொடுப்பீர்கள்?

இன்னொன்று. ஐஜிஇ பாசிட்டிவ் வந்தாலும் அது மட்டுமே அலர்ஜி ஆகிவிடாது. பெங்களூர், மைசூர் பக்கம் நடந்த பெரிய ஆய்வில் பெரியவர்களில் 26.5 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு உணவுக்கு ஐஜிஇ இருந்தது. சாப்பிட்டால் நிஜமாகவே தொந்தரவு வரக்கூடியவர்கள் 1.2 சதவீதம்தான்.

நுண்ணோக்கி:

லேப்காரர் ஐயா சொன்னதற்கு மேல் அந்தப் பேனலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மூணாவது பெஞ்ச் தம்பிக்கு: இந்தியாவில் மரபணு மாற்றிய சோயா பயிரிட அனுமதியே கிடையாது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் விளைவது சாதாரண சோயாதான். 2021-ல் கோழித் தீவனத்துக்காக மரபணு மாற்றிய சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய விட்டார்கள், வெளிநாட்டுச் சோயா எண்ணெயும் வருகிறது, எண்ணெயைச் சுத்திகரித்தபின் அதில் புரதம் அனேகமாக மிஞ்சுவதில்லை. அலர்ஜி தருகிற கிளைசினினும் காங்லைசினினும் சோயாவில் இயற்கையாகவே இருப்பவை, பவல் தன் கட்டுரையை எழுதிய காலத்தில் மரபணு மாற்றிய சோயா என்ற ஒன்றே பிறக்கவில்லை. ஆனால் உங்கள் பயத்துக்கு ஓர் அடிப்படை இருந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தீவனத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் கூடட்டும் என்று பிரேசில் நட் மரபணு ஒன்றைச் சோயாவில் ஒரு கம்பெனி சேர்த்தது. பிரேசில் நட் அலர்ஜி உள்ளவர்களின் சீரத்தில் சோதித்தபோது அந்தச் சோயாவும் பிடித்துக்கொண்டது. 1996-ல் முடிவு வெளியானது, அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. சோதனை வேலை செய்ததற்கு இது உதாரணம் என்பது என் கட்சி.

புரதம் எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது என்பதும் முக்கியம். பார்சிலோனாவில் 1981 முதல் 1987 வரை திடீர் திடீரென்று ஒரே நாளில் ஆஸ்துமாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், இருபத்தாறு முறை. தேடிப்போனால், துறைமுகத்தில் கப்பலிலிருந்து சோயா பயறு இறக்கிய நாள்களோடு அது பொருந்தியது. அங்கே பயறைக் கொட்டிவைக்கும் பெரிய குதிருக்கு வடிகட்டி இல்லாததால் பயறுத் தோலின் தூசு ஊருக்குள் பறந்திருக்கிறது. வடிகட்டி மாட்டினார்கள், கூட்டம் நின்றது. அங்கே ஐஜிஇ பிடித்தது தோலில் இருக்கும் சின்னப் புரதங்களை, நாம் தட்டில் பார்க்கும் புரதங்களை இல்லை.

இதே வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று, கொஞ்சம் விலகல்தான். ஜப்பானில் நாட்டோ என்று நொதித்த சோயா சாப்பிடுவார்கள், நூல் நூலாக இழுக்கும். அதைச் சாப்பிட்டு அரை நாள் கழித்துக் கடுமையான அலர்ஜி வந்தவர்களைப் பார்த்தால், பலர் கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள். காரணம் சோயா புரதமே இல்லை, நொதிக்கும்போது பாக்டீரியா உண்டாக்கும் பாலி-காமா-குளுட்டாமிக் அமிலம் என்ற வழவழப்பான பொருள். ஜெல்லி மீன் கொட்டும்போதும் அதே பொருள் தோல் வழியாக உள்ளே போகிறது. கடலில் பழகிய எதிர்ப்பு தட்டில் வந்து காட்டிக்கொடுக்கிறது.

கடலை_அப்பா:

என் மகனுக்கு நிலக்கடலை அலர்ஜி, ஐஜிஇ வகை, அதனால் மஞ்சள்நகர் சகோதரியின் கதை வேறு, என் கதை வேறு. ஆனால் சோயா என்று தேடி இந்தப் பக்கம் வரும் மற்ற பெற்றோருக்காக எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

கடலையின் முக்கியப் புரதங்களும் சோயாவின் காங்லைசினின், கிளைசினினும் ஒரே குடும்பம். அதனால் கடலை அலர்ஜிக் குழந்தைக்கு ரத்தத்தில் சோயாவும் பாசிட்டிவ் என்று வருவது சகஜம். என் மகனுக்கும் வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டில் பருப்பு, பட்டாணி, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் டாக்டர் முன்னிலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோயா கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை, இன்று மீல்மேக்கர் பிரியாணி என்றால் இரண்டாம் முறை கேட்கிறான். ஆனால் எல்லாருக்கும் இப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்வீடனில் 1990-களில், கடலை அலர்ஜியும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருந்த சில இளையவர்கள், சோயா கலந்த இறைச்சி உணவைச் சாப்பிட்டு இறந்திருக்கிறார்கள். வீட்டில் நீங்களாகச் சோதிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐஜிஇ வகை என்றால், கடுமையான அலர்ஜிக்கு உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசி மருந்து கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் கிடைக்கும் பேனா ஊசி நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பதில்லை. எங்கள் டாக்டர் ஆம்பியூலும் ஒரு மி.லி. சிரிஞ்சும் கொடுத்து, மகனுடைய எடைக்கு எவ்வளவு என்று சிரிஞ்சின் மேல் மார்க்கரால் கோடு போட்டு, தொடையின் வெளிப்பக்கத்தில் எப்படிக் குத்துவது என்று ஆரஞ்சுப் பழத்தில் குத்தவைத்துப் பழக்கினார். அந்தப் பெட்டி அவன் பள்ளிப் பையிலேயே இருக்கும், டீச்சருக்கும் காட்டிவைத்திருக்கிறோம்.

லேபிள் விஷயம்: பொட்டலத்தில் வரும் உணவில் சோயா இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதியில் இருக்கிறது. "கொண்டுள்ளது: சோயா" என்று சின்ன எழுத்தில் இருக்கும். மல்டிகிரெயின் ஆட்டா, பிரெட், பிஸ்கட், புரோட்டீன் பவுடர், சூப் பாக்கெட் எல்லாவற்றிலும் பாருங்கள். சாக்லேட்டில் சேர்க்கும், லேபிளில் 322 என்று வரும் சோயா லெசித்தினில் புரதம் மிகக் கொஞ்சம், பெரும்பாலோருக்கு அது தொந்தரவு தராது, ஆனாலும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் பெரிய தலைவலி பேக்கரியில் நிறுத்துக் கட்டிக் கொடுக்கும் அயிட்டங்கள்தான். அவற்றுக்கு லேபிளும் கிடையாது, கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள்.

மஞ்சள்நகர்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இங்கே படித்ததை எழுதி எடுத்துக்கொண்டு குழந்தைகள் குடல் டாக்டரிடம் போய் வந்தோம். கதையைக் கேட்டு, பழைய ஃபைலைப் புரட்டி, அவரும் எஃப்பைஸ் என்றுதான் சொன்னார். சோயாவையும் மாட்டுப்பாலையும் நேரடியாகக் கொடுக்க வேண்டாம் என்று, புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்த ஒரு பவுடர் எழுதிக் கொடுத்திருக்கிறார். விலையைக் கேட்டு என் கணவர் ஒரு நிமிஷம் பேசவில்லை.

கூட்டமாக இருந்ததால் சிலவற்றைக் கேட்க விட்டுப்போய்விட்டது. என் தாய்ப்பால் வழியாகப் போகாதா? அரிசிக் கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் ஏற்கெனவே சாப்பிடுகிறாள், அதை நிறுத்த வேண்டுமா? சிலர் அரிசிக்கும் இது வரும் என்கிறார்களே. மறுபடி தெரியாமல் சோயா உள்ளே போய்விட்டால் என்ன செய்வது? எப்போது மறுபடி கொடுத்துப் பார்ப்பார்கள்?

ஓய்வுபெற்ற_குழந்தை_டாக்டர்:

அம்மா, உங்கள் டாக்டர் சரியான பாதையில்தான் போகிறார். விட்டுப்போன கேள்விகளுக்குப் பொதுவான பதில் தருகிறேன், கடைசி முடிவு அவருடையது.

தாய்ப்பால் வழியாக எஃப்பைஸ் வருவது அபூர்வம். நீங்கள் சாம்பாரில் மீல்மேக்கர் போட்டுச் சாப்பிட்ட நாளில் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நீங்கள் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. மலத்தில் ரத்தக் கோடு மறுபடி வந்தால் மட்டும் சொல்லுங்கள், அப்போது உங்கள் சாப்பாட்டில் பாலைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்பது உண்டு. பத்தியம் என்று நீங்களாக ஆரம்பித்துச் சத்தில்லாமல் போய்விடாதீர்கள்.

அரிசி உண்மைதான். பால், சோயாவுக்கு எஃப்பைஸ் வந்த சில குழந்தைகளுக்குத் திட உணவு தொடங்கும்போது அரிசி, ஓட்ஸுக்கும் வரலாம், மேலைநாட்டுப் பட்டியல்களில் இவை மேலே இருக்கும். ஆனால் நாட்டுக்கு நாடு இது மாறுகிறது. அமெரிக்க மருத்துவமனைக் கணக்குகளில் பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் கணிசமானோருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளவில்லை, இஸ்ரேலில் நடந்த பெரிய ஆய்வில் அப்படி ஒரு குழந்தைகூட இல்லை. உங்கள் குழந்தை அரிசியும் கேழ்வரகும் பல முறை சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள், தொடருங்கள், காரணமில்லாமல் நிறுத்தாதீர்கள். புது உணவு ஒவ்வொன்றாக, இடையில் சில நாள் விட்டு, பகல் நேரத்தில் கொடுங்கள். வீட்டில் அரைக்கும் சத்துமாவிலும் கடையில் வாங்கும் சத்துமாவிலும் வறுத்த சோயா பயறு சேர்ப்பது நம் பக்கத்தில் வழக்கம். வேர்க்கடலை, பொட்டுக்கடலையோடு அதுவும் ஒரு பிடி விழுந்துவிடும். மாமியாரிடம் இதை மட்டும் இரண்டு முறை சொல்லிவையுங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் அலர்ஜி என்றால் சோயா பவுடரை முதலில் எழுத வேண்டாம் என்று ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவர் அமைப்பு 2006-லேயே சொல்லிவிட்டது. அதற்கு மேல் வயது என்றால் கொடுத்துப் பார்ப்பது தவறில்லை, விலை குறைவு என்பதும் ஒரு காரணம், உங்கள் முதல் டாக்டரைக் குறை சொல்ல நான் வரவில்லை.

தெரியாமல் உள்ளே போய்விட்டால்: ஒன்றிரண்டு முறை வாந்தி, குழந்தை விழிப்பாக இருக்கிறாள் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்ப்பாலோ உப்பு-சர்க்கரைக் கரைசலோ கொடுத்தபடி டாக்டருக்குப் போன் செய்யுங்கள். முன்பு கடுமையாக வந்த குழந்தை என்பதால் வாந்தி தொடர்ந்தாலோ, வெளுத்துத் துவண்டாலோ காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. அங்கே முக்கிய வைத்தியம் நரம்பு வழியாகத் திரவம், வாந்திக்கு ஆன்டான்செட்ரான். அலர்ஜிக்கு என்று வீட்டில் வைத்திருக்கும் செட்ரிசின் சிரப் இதற்கு உதவாது, மாஸ்ட் செல் கொட்டும் ஹிஸ்டமின் இங்கே கதாநாயகன் இல்லை. உங்கள் டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், எந்த உணவு, சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வந்தது, ரத்தத்தில் வெள்ளை அணு ஏறியிருந்தாலும் இதை நினைக்கவும் என்று ஒரு வரி, தர வேண்டிய மருந்து அளவு. இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருக்கும் இளம் டாக்டருக்கு அது பெரிய உதவி. அதன் ஒரு நகல் அம்மா வீட்டிலும் இருக்கட்டும்.

வாழ்நாள் முழுக்க என்று பயப்படாதீர்கள். பால், சோயா எஃப்பைஸ் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் போய்விடும், சிலருக்கு முன்னதாகவே. ஐஜிஇ வகைச் சோயா அலர்ஜியே கூட, அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பத்து வயதுக்குள் விலகியிருக்கிறது. கடைசியாக வந்ததிலிருந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் ஐஜிஇ டெஸ்ட்டை ஒருமுறை திரும்ப எடுப்பார்கள், ஏனென்றால் எஃப்பைஸ் குழந்தைகள் சிலருக்கு நடுவில் ஐஜிஇ உருவாகிவிடுகிறது, அப்போது ஏற்பாடு வேறாக இருக்கும். கையில் டிரிப் ஊசி போட்டுவைத்து, எடைக்கு ஏற்ற புரத அளவை மூன்றாகப் பிரித்து அரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டு, நாலிலிருந்து ஆறு மணி நேரம் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். காலையில் சீக்கிரம் போக வேண்டியிருக்கும், மாற்றுத்துணியும் அவளுக்குப் பிடித்த பொம்மையும் எடுத்துப்போங்கள். வீட்டில் ஒரு ஸ்பூன் வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.